கத்திகளுக்கு மரத் தாங்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையலறைக் கத்திகளைச் செருகி வைக்கும் மரக்கட்டையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த மலைப்பகுதி வாசகர்கள் சிலர், தாங்கள் சேகரித்து வைத்திருக்கும் கத்திகளைப் பார்வைக்கு வைப்பதற்கான மரத் தாங்கிகளைக் குறித்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சமவெளியில் செல்லுபடியாகும் யோசனைகள் பல, ஆண்டில் பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கும் ஊர்களில் எடுபடுவதில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (குன்னூர்): தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த என் தந்தையார் விட்டுச் சென்ற கத்திகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. கூர்க்கர்களின் வளைந்த கத்தியான குக்ரி இரண்டு, பழைய கவாத்துக் கத்திகள், சில மடக்குக் கத்திகள். எங்கள் நிலத்தில் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் பலகைகளாக அறுபட்டுக் கிடக்கின்றன. தாங்கி செய்வதற்கு இவற்றுள் எது ஏற்றது?

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் சில்வர் ஓக்கை எடுங்கள். பெயரில் ஓக் இருந்தாலும் அது மெய்யான ஓக் இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தேயிலைக்கு நிழல் தருவதற்காக நம் தோட்டங்களில் நடப்பட்ட கிரெவில்லியா என்னும் வேறு இனம். இழைப்புளிக்கு நன்றாக இணங்கும். அடிமரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் திசையில் அறுத்த பலகையில் வலைப்பின்னல் போன்ற புள்ளிகள் எழும். மெருகு ஏறியதும் அந்த முகம் மிகவும் அழகாக இருக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால், உப்புத்தாள் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

கற்பூர மரத்தை விறகுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. 1843ஆம் ஆண்டில் நீலகிரிக்கு வந்த இம்மரம் இங்கே பரவியதற்குக் காரணமே விறகுத் தேவைதான். அதன் ரேகை, அதாவது மரநார் ஓடும் வரி, முறுக்கிக்கொண்டு ஓடும். உலரும்போது வெறுமனே சுருங்குவதோடு நில்லாமல் உள்ளிருக்கும் நுண்ணறைகள் அமுங்கிப் பலகையின் முகமே குழிவிழுந்துவிடும். அத்துடன் அதில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஈரமான நாளில் இரும்பு அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தால் மரத்திலும் கத்தியிலும் நீலம் கலந்த கறுப்புக் கறை படியும். தோல் பதனிடப் பட்டை உரிக்கப்பட்ட சீகை (வாட்டில்) மரத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மரம் எதுவானாலும் அது உலர்ந்ததா என்பதுதான் முதற்கேள்வி. காற்றில் உலர்த்தும் பலகைக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்று தச்சர்கள் சொல்வது வழக்கம். குன்னூர்க் குளிரிலும் மூடுபனியிலும் அந்தக் கணக்குப் போதாது. பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசி, மழைச்சாரல் படாத கூரையின்கீழ் வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் சில வாரங்கள், தாங்கியை எந்த அறையில் வைக்கப்போகிறீர்களோ அதே அறையில் அவை கிடக்கட்டும். அவசரம் என்றால், இடித்த பழைய வீட்டின் தேக்கு ஜன்னல் சட்டமோ பலாப்பலகையோ வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். நம் மலையில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. தானே சாய்ந்த மரமாயினும், அதை அறுத்து ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி (கோத்தகிரி): தேக்குப் பெட்டி செய்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, கத்திகளை அவற்றின் தோல் உறையோடு வைத்திருந்தேன். ஐப்பசி மழை முடிந்து திறந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் துருப்புள்ளிகள். பெட்டி நன்றாக மூடித்தான் இருந்தது. எங்கே தவறு?

நன்றாக மூடியிருந்ததுதான் தவறு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிப்பது விரைவுபடுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கோத்தகிரியில் அதைவிடக் குறைவான ஈரப்பதம் உள்ள நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காற்றை உள்ளே வைத்து மூடியபின், இரவில் குளிர்ந்த எஃகின்மேல் அது நீராகப் படியும், வெளியேற வழியில்லை.

அதோடு மூன்று பொருள்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. முதலாவது தோல் உறை. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும். ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கத்தியை எடுத்துச் செல்வதற்குத்தான் உறை, குடியிருக்க வைப்பதற்கு அன்று. இரண்டாவது வெல்வெட்டும் அதை ஒட்டிய பசையும். மூன்றாவது, பலரும் எண்ணிப்பாராதது, மரமே வெளிவிடும் ஆவி. எல்லா மரங்களும் சிறிதளவு அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்புக்குக் காரணமான அதே பொருளை, வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஓக் போன்றவற்றில் இது மிகுதி, மகோகனியில் குறைவு, தேக்கு இடைப்பட்டது. பிளைவுட்டும், மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நெடிமிக்க வாயுவை விடுகின்றன. திறந்த தாங்கியில் இந்த ஆவி காற்றோடு போய்விடும். மூடிய பெட்டியில் அது கத்தியைத்தான் தேடி வரும். அருங்காட்சியகங்கள் உலோகப் பொருள்களை மரப்பெட்டிக்குள் வைக்கத் தயங்குவது இதனால்தான்.

ஆகவே பெட்டியைத் துணிமணிக்கு ஒதுக்கிவிட்டுத் திறந்த தாங்கிக்கு மாறுங்கள் என்பதே என் யோசனை. மலையில் செய்யும் தாங்கி எதுவாயினும், மரம் கத்தியைத் தொடும் இடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. முழு நீளத்துக்கும் குடைந்து கத்தியைப் படுக்கவைக்கும் அமைப்பு படத்தில் அழகாக இருக்கும்; அந்தக் குடைவில் தங்கும் ஈரம் அலகின் அடிப்பக்கத்தை யாருக்கும் தெரியாமல் தின்னும். இரண்டு புள்ளிகளில் மட்டும் தாங்கி, மற்ற இடமெல்லாம் காற்றுப் புழங்கும்படி விடுவதே சரி.

மூடிய மரத்துக்குள் அலகை வைக்கும் பழக்கம் ஜப்பானில் உண்டே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவர்கள் வாளைச் சேமித்து வைக்கும் மெருகிடாத வெள்ளை உறை, மென்மையும் பிசினின்மையும் கருதித் தேர்ந்த ஹோ என்னும் மேக்னோலியா மரத்தால் ஆனது. நீண்டகாலம் உலர்த்திய பிறகே அதைக் குடைவார்கள். அம்மரத்தின் உறவினர் ஒன்று நம் சோலைக்காடுகளிலும் இருக்கிறது, காட்டுச் செண்பகம். அதன்மேல் கை வைக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

பெட்டியை விட மனமில்லை என்றால் வெல்வெட்டைப் பிய்த்தெடுத்து, சாயமேற்றாத பருத்தித் துணியைப் பசையின்றி விரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் அவற்றை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

கத்திகளுள் ஒன்று கோத்தர் கொல்லுலையில் அடித்த பழைய கொடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலகிரியின் ஏழு ஊர்களில் வாழும் பழங்குடியினரான கோத்தர்கள் படகருக்கும் தோடருக்கும் இரும்புக் கருவிகள் செய்து கொடுத்த காலத்தின் சாட்சி அது. அதன்மேல் இருக்கும் கருமையைத் தேய்த்துவிடாதீர்கள். செம்பழுப்பாக உதிர்வதுதான் துரு. அதை மட்டும் எண்ணெயில் தோய்த்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மெல்லத் துடைத்தெடுங்கள். இறுகிய கருமை அலகுக்குக் காப்பு. பழம்பொருளை விரும்புபவர்கள் மதிப்பதும் அதைத்தான்.

கேள்வி (கூடலூர்): பாட்டனார் காலத்துக் கட்டில் உடைந்துபோனது. அதன் கால்கள் ஈட்டி (ரோஸ்வுட்) மரம். அவற்றில் தாங்கி செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம்; அத்தனை ஆண்டு உலர்ந்த, வைரம் பாய்ந்த மரம் இனிக் கடையில் கிடைக்காது. ஈட்டியைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது, பன்னாட்டு வணிகத்திலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், புதிய ஈட்டியைத் தேடிப் போகாதீர்கள். பழைய கட்டிலில் ஆணி ஒடிந்து புதைந்திருக்கும், இழைப்புளியை வைக்கும் முன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஈட்டியின் இருண்ட நிறத்தின்மேல் கருமையான அலகு எடுபடாது. பளபளக்கும் அலகுகளையோ தந்த நிறக் கைப்பிடிகளையோ அதில் வையுங்கள்.

கேள்வி (உதகமண்டலம்): ஒரு குக்ரிக்கும் ஒரு கவாத்துக் கத்திக்கும் மேசைமேல் வைக்கும் தாங்கியை நானே செய்ய விரும்புகிறேன். இயந்திரங்கள் எவையும் இல்லை. வாள், உளி, இழைப்புளி, கைத்துளைப்பான் மட்டும் உண்டு. அளவுகளை எப்படித் தீர்மானிப்பது?

அந்தக் கருவிகளே அதிகம். அளவை நாடாவை எடுக்கும் முன் கத்தியை எடுங்கள். ஒரு பென்சிலைக் கிடையாக வைத்து, அதன்மேல் கத்தியை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் அது இருபுறமும் சாயாமல் நிற்கிறது என்று பார்த்து, அங்கே சிறு காகித ஒட்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். குக்ரியின் எடை அலகின் அகன்ற வயிற்றுப்பகுதியில் குவிந்திருப்பதால், நீங்கள் கண்ணால் மதிப்பிட்ட நடுவிலிருந்து அந்த இடம் முன்னோக்கித் தள்ளியே இருக்கும். சமநிலைப் புள்ளியைப் பாராமல் கைப்பிடிக்கு ஒரு தூண், நுனிக்கு ஒரு தூண் என்று நட்டுவிடுவதால்தான் பல தாங்கிகளில் கத்தி தலைகுப்புறக் கவிழ்ந்தாற்போல் நிற்கிறது.

அடுத்து, கத்தியை அட்டையின்மேல் படுக்கவைத்துச் சுற்றிலும் கோடு வரைந்து வெட்டியெடுங்கள். இந்த அட்டைக் கத்தியைக் கொண்டு எல்லாச் சோதனைகளையும் செய்துகொள்ளலாம்; கையும் வெட்டுப்படாது. குக்ரியின் மொத்த நீளம் பெரும்பாலும் 40 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். சமநிலைப் புள்ளியிலிருந்து இருபுறமும் நீளத்தில் ஏறத்தாழக் காற்பங்கு தள்ளித் தூண்களை நிறுத்தினால், அதாவது இரண்டுக்கும் இடையே 20 அல்லது 22 சென்டிமீட்டர் விட்டால், பார்வைக்கும் நிலைக்கும் பொருந்தும்.

தூண்களுக்கு 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை போதும். ரேகை மேல்கீழாக ஓடும்படி மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ரேகை குறுக்கே ஓடினால், கத்தியைத் தாங்கும் பள்ளத்தின் இரு கொம்புகளும் சிறு தட்டலில் முறிந்துவிடும். பள்ளத்தை உளியால் கொத்தத் தொடங்காதீர்கள். அதன் அடி வரவேண்டிய இடத்தில் முதலில் துளையிட்டு, மேலிருந்து இரண்டு வாள்வெட்டுகளை அத்துளை வரை இறக்கினால் வளைந்த அடியுள்ள பள்ளம் தானாகக் கிடைக்கும். அகலம், அலகின் முதுகுக் கனத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பள்ளத்துக்குள் மெல்லிய கார்க் தகடோ பருத்தித் துணியோ இடலாம். ரப்பர் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். கம்பளி ஃபெல்ட்டும் அதே காரணத்தால் வெள்ளிப்பூண் கட்டிய கைப்பிடிகளுக்கு ஆகாது.

அடிப்பலகையின் அகலம், தாங்கியின் உயரத்துக்குக் குறையாதிருப்பது நல்லது. தூணின் அடியில், அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் நாக்கு, எடுத்து, அடிப்பலகையில் துளை பொளிந்து இறுக்குங்கள். திருகாணியால் அடியிலிருந்து முடுக்குவது எளிது, தவறும் அன்று. ஆனால் உதகையின் ஈரத்தில் சாதாரண இரும்புத் திருகாணி மரத்துக்குள்ளேயே துருவேறும், பித்தளையைப் பயன்படுத்துங்கள்.

அலகு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கூர்ப்பக்கம் மரத்தில் அமர்ந்தால் மரம் வெட்டுப்படும், கூரும் மழுங்கும். முதுகு கீழே, கூர் மேலே என்று வைப்பதையே நான் விரும்புவேன். ஜப்பானியர் கட்டானா வாளைத் தாங்கியில் வைப்பதும் அவ்விதமே. குழந்தைகள் நடமாடும் வீடென்றால் அத்தாங்கியைக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குள் வைத்து, கதவின் மேலும் கீழும் காற்று நுழைய விரலகல இடைவெளி விடுங்கள். கதவுக்குப் பூட்டும் வேண்டும், குழந்தைகளுக்காக மட்டுமன்று. ஜன்னல் வழியே வரும் குரங்கு பழத்தட்டை விட்டுவிட்டுப் பளபளக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஊர் நம்முடையது.

குக்ரியின் உறையில் கர்தா, சக்மக் என்னும் இரண்டு சிறு கத்திகள் செருகப்பட்டிருக்கும். முன்னது சில்லறை வேலைக்கு, பின்னது தீட்டுவதற்கும் தீப்பொறி எழுப்புவதற்கும். அடிப்பலகையின் முன்விளிம்பில் அவற்றுக்கும் இரு சிறு பள்ளங்கள் விடுங்கள். அவை இல்லாமல் குக்ரி முழுமையாகத் தோன்றாது. கவாத்துக் கத்தியோ முனை வளைந்தது, இலேசானது. அதைக் கிடத்துவதைவிட, சற்றுப் பின்சாய்ந்த பலகையில் மரமுளை ஒன்றைப் பொருத்தி, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடைப்பட்ட கழுத்தில் தாங்கி நிறுத்தினால் அந்த வளைவு முழுவதும் தெரியும். உங்கள் வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியில் பார்த்த கருவிதான் என்றாலும், அப்படி நிறுத்தியபின் அதன் வடிவம் புதிதாகத் தெரிவதைக் காண்பீர்கள்.

கேள்வி (கொடைக்கானல்): கத்திகளைச் சுவரில், கணப்புக்கு மேலே, காந்தம் பதித்த பலகையில் ஒட்டிவைக்க எண்ணுகிறேன். சரியா?

காந்தம் சரி, கணப்பு சரியில்லை. கணப்பின் புகைக்கரி அமிலத்தன்மை உடையது, ஈரத்தையும் இழுக்கும். மாலையில் சூடும் விடியலில் குளிருமாக மாறி மாறி வரும்போது மரமும் பிளக்கும். வீட்டின் வெளிச்சுவரையும் தவிர்த்து உட்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கட்டைகளை வைத்துத் திருகினால் பின்னால் காற்று ஓடும்.

வலிமை மிக்க நியோடிமியம் காந்தங்களைப் பலகையின் பின்புறத்திலிருந்து குடைந்து பதியுங்கள். முன்முகத்தில் 2 மில்லிமீட்டர் மரமே எஞ்ச வேண்டும்; அந்தக் கனம் கூடக் கூடப் பிடிப்பு மிக விரைவாகக் குறைந்துவிடும். ஒரு கத்திக்கு இரண்டு காந்தமாவது வேண்டும். அலகு முழுவதும் மரத்தில் ஒட்டிக்கிடப்பதைத் தடுக்க, காந்தம் உள்ள இடங்களை மட்டும் சற்று மேடாக விட்டு மற்ற பகுதியை இழைத்துத் தாழ்த்திவிடலாம். குக்ரி போன்ற கனமானவற்றைக் காந்தத்தை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள், அடியில் ஒரு மரமுளையும் இருக்கட்டும்.

கேள்வி (வெலிங்டன்): தாங்கிக்கு ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், அரக்கு மெருகு ஆகியவற்றுள் எதைப் பூசலாம்?

அரக்கு. அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகத் தடவும் பழைய முறைக்கு ஈடில்லை. விரைவில் காயும், காய்ந்தபின் ஆவி விடாது. மழைநாளில் மட்டும் பூசாதீர்கள், காற்றின் ஈரம் படிந்து மெருகு வெளுத்துவிடும். மாசி, பங்குனியின் வெயில்நாள்கள் இதற்கென்றே வந்தவை. காய்ந்தபின் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்து மெருகேற்றலாம்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு அழகுதான். ஆனால் அது இறுகும் காலமெல்லாம் அமில ஆவியை விடும் என்பதால், பூசிய பிறகு பல வாரங்கள் கத்தியை அருகே கொண்டுவரக் கூடாது. வார்னிஷுக்கும் வாசனை அறவே நீங்கும்வரை காத்திருங்கள். இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து, தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): இங்கே கோடையில் செய்து உதகையிலுள்ள மகள் வீட்டுக்குக் கொடுத்த தாங்கியில், ஆடி மாதத்தில் கத்திகள் பள்ளத்துக்குள் இறுகிக்கொண்டன. மரம் பழைய தேக்குதான். ஏன்?

தேக்கும் மூச்சு விடும், மற்ற மரங்களைவிடக் குறைவாக. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது மரம் தன்னுள் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரை வைத்திருக்கும்; ஈரப்பதம் 80ஐ எட்டினால் அது 16 விழுக்காடாகிவிடும். அந்த மாற்றத்தில் 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப்பலகை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக விரியும், அதுவும் ரேகைக்குக் குறுக்கே மட்டும். நீளவாட்டில் அநேகமாக மாற்றமே இராது. நீங்கள் கத்தியின் கனத்துக்கு இம்மி பிசகாமல் பள்ளம் வெட்டியிருக்கிறீர்கள். துப்புரவான வேலைதான், ஆனால் மலைக்கு ஆகாது. வருகிற தை மாதத்தில் பள்ளங்களை ஓர் உப்புத்தாள் சுற்றிய பட்டையால் சற்று அகலப்படுத்திவிடுங்கள். வெட்டிய இடத்தில் மெருகை மறுபடி பூசத் தவறாதீர்கள்.

கேள்வி (உதகமண்டலம்): இவற்றை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா? அலகுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

வீட்டுவேலைக்கும் விவசாயத்துக்கும் உரிய கத்திகளுக்குச் சிக்கல் இல்லை. அவை அல்லாதவற்றில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்தால் ஆயுத விதிகள் அவற்றை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. உரிமத் தேவை இடத்துக்கு இடம் அறிவிக்கையைப் பொறுத்தது என்பதால், உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் அது உதகையில் பெரும்பாலான நாள்கள் வெண்கட்டியாகவே இருக்கும். சீராகப் பரவாது, நாளடைவில் சிக்குப்பிடித்துத் தூசியைச் சேர்க்கும். தையல் இயந்திரத்துக்கு இடும் கனிம எண்ணெயே போதும். ஜப்பானியர் அலகுக்குப் பூசும் காமெலியா எண்ணெய், தேயிலையின் நெருங்கிய உறவான செடியின் விதையிலிருந்து வருவது. கிடைத்தால் அதுவும் நல்லதே. எதுவாயினும் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும், எண்ணெய் பள்ளத்தில் வழிந்து நிற்கக் கூடாது. மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் மற்ற காலங்களில் மாதம் ஒருமுறையும் கத்திகளைத் தாங்கியிலிருந்து எடுத்து, மரம் தொட்டுக்கொண்டிருந்த இடங்களை முதலில் பாருங்கள். துரு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.